அலிஃப் தெரிந்தவரும் அரபி பேசியவரும்

மணமேல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகப் போக அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள் வரும். இந்த ஊர்களில் அரபு நாட்டுக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெருவைக் காண்பது கடினம். அங்கே சம்பாதித்துக் கட்டிய வீடுகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அங்கே பட்ட வெயிலைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் போய் இறங்கிய மறுநாள் காலையில் இவர்கள் எந்த மொழியில் வாய் திறந்தார்கள், அதை யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டு விதமாகப் பதில் வந்தது. ஒருவர் சொல்வார்: "சின்ன வயசிலேயே ஓதிட்டேன் சார். குர்ஆனை எங்க பிரிச்சாலும் தடையில்லாம ஓதுவேன். ஆனா ஜித்தாவில போய் இறங்கினா அவன் பேசுறது ஒண்ணும் விளங்கல." இன்னொருவர் சொல்வார்: "அலிஃபுன்னா கம்பா கோடான்னுகூட எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துல அரபிக்காரனோட சண்டை போடுற அளவுக்குப் பேசினேன்." முன்னவருக்கு எழுத்து இருந்தது, பேச்சு இல்லை. பின்னவருக்குப் பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை. நம் கரையின் வளைகுடாக் கதையே இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அரபி நமக்குப் புதிதாக வந்த மொழி அல்ல. நம் ஊரின் பெருமை என்றால் குலச்சிறை நாயனார். நின்றசீர் நெடுமாறன் என்ற பாண்டியனுக்கு ஏழாம் நூற்றாண்டில் அமைச்சராக இருந்தவர், பெரியபுராணம் போற்றும் மணமேற்குடிக்காரர். ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு கழித்து இன்னொரு பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர் ஓர் அரபி. தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்று பெயர். அவருடைய சகோதரர் ஜமாலுத்தீன், பாரசீக வளைகுடாவில் இருக்கும் கிஷ் தீவின் அதிபதி. பாண்டியப் படைக்கு வேண்டிய குதிரைகளை அங்கிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பியவர். வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் கடற்கரையை அவர்கள் மஅபர் என்றார்கள். கடந்துபோகும் இடம், துறை என்று அர்த்தம். ஆக எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் வளைகுடாவிலிருந்து ஆட்கள் இங்கே பிழைக்க வந்தார்கள். வந்தவர்கள்தான் தமிழ் கற்றுக்கொண்டார்கள். இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே தங்கி, பேரப்பிள்ளைகள் காலத்தில் முழுத் தமிழராகவே ஆகிப்போனார்கள்.

அவர்கள் விட்டுப்போனது பேச்சை அல்ல, எழுத்தை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இப்படித்தான் வளர்ந்தது. ட, ண, ள போன்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்திலேயே கூடுதல் புள்ளியும் குறியும் இட்டுச் சமாளித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 – 1898) இந்த எழுத்தில் மார்க்க நூல்கள் எழுதினார். பினாங்கிலும் கொழும்பிலும் இருந்த கணவன்மார்களுக்கு நம் பக்கத்துப் பெண்கள் அரபுத்தமிழில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தமிழ் அரிச்சுவடி தெரியாது என்று அந்தப் பெண்களைப் படிக்காதவர் கணக்கில் சேர்த்துவிட்டார்களே, அது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

இதனால் என்ன நேர்ந்தது என்றால், அரபு எழுத்தைப் பார்த்ததும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரும் சமூகம் நம் கரையில் உருவாயிற்று. ஆனால் அந்த எழுத்து அவர்களுக்கு இறைவனின் வார்த்தை. இல்லையென்றால் வீட்டுத் தமிழ். "தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று அந்த மொழியில் கேட்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் வரவில்லை.

இன்னொரு வழியாகவும் அரபி நமக்குள் வந்தது. அதை ஒரு பழைய எழுத்தன் என்ற முறையில் சொல்லியே ஆகவேண்டும். நவாபுகளின் பாரசீக நிர்வாகத்திலிருந்து கும்பினிக்காரன் எடுத்து, கும்பினிக்காரனிடமிருந்து நம் அலுவலகங்களுக்கு வந்த சொற்களைப் பாருங்கள்: தாலுகா, ஜில்லா, பசலி, வசூல், பாக்கி, கிஸ்தி, அசல், நகல், ரத்து, ஷரத்து, தாவா, ஜாமீன், வாரிசு, ஆஜர். எல்லாவற்றுக்கும் வேர் அரபி. வருவாய்த்துறை மேசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது அரபிச் சொல் எழுதியிருப்போம். "மேற்படி நபர்" என்று எழுதுகிறோமே, அந்த நபரும் அரபிதான். சவூதியில் டாக்சிக்காரன் "கம் நஃபர்?" என்று கேட்பான். எத்தனை பேர் என்று பொருள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், "சாருக்கு வெளிநாட்டு பாஷை எல்லாம் வரும்" என்று நினைத்துக்கொண்டு சிலர் அரபிக் கடுதாசிகளை என்னிடம் நீட்டுவார்கள். எனக்குத் தெரிந்த அரபி அவர்களுடைய பட்டாவிலேயே இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்தப் பக்கமும் நம் சரக்கு போயிருக்கிறது. எண்ணெய்ப் பணம் வருவதற்கு முன்னால் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகம் எல்லாவற்றிலும் செலாவணி நம் ரூபாய்தான். 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. குவைத் 1961-லும், பஹ்ரைன் 1965-லும், கத்தாரும் துபாய்ப் பக்கமும் 1966-லும் அதைக் கைவிட்டன. நம் வியாபாரிகளோடு பழகிப் பழகி, வளைகுடா அரபியில் நேராக என்பதற்கு சீதா, விசிறிக்கு பங்கா, செருப்புக்கு ஜூத்தி என்று இந்துஸ்தானிச் சொற்கள் குடியேறின. எழுத்தருக்குப் பெயர் கர்ரானி. மலேயாத் தோட்டங்களில் நம்மவர்கள் சொன்ன கிராணியேதான் அது. நான் துபாய்க்குப் போயிருந்தால் அங்கேயும் கர்ரானிதான்!

இனி போனவர்கள் கதை. என் வயதொத்தவர்களுக்கு ரஜூலா கப்பலும் சிதம்பரம் கப்பலும் நினைவிருக்கும். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. (சிதம்பரம் கப்பல் முன்பு பாஸ்தேர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் ஓட்டிய கப்பல். 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது.) மலாய் மொழியைக் கற்க நம் ஆட்கள் கஷ்டப்பட்டதாகச் சொல்லக் கேட்டதில்லை. சந்தையில் மூன்று மாதம் நின்றால் பசார் மலாய் வந்துவிடும். தவிர, அங்கே தமிழ்ப் பள்ளி, தமிழ்ப் பத்திரிகை, கோயில், பள்ளிவாசல் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. அதற்கு அடுத்த ஜனவரியில்தான் நம் அறந்தாங்கிப் பகுதி தஞ்சாவூரிலிருந்து பிரிந்து புதுக்கோட்டை மாவட்டத்தோடு சேர்ந்தது. நம் பிள்ளைகள் கிழக்கே போவதை விட்டு மேற்கே திரும்பியதும் அந்தச் சமயத்தில்தான். 1983-ல் குடியேற்றச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர் கடவுச்சீட்டில் ஈசிஆர் என்று முத்திரை விழும். குடியேற்றச் சோதனை தேவை என்று அதற்குப் பொருள். நம் ஊரில் இப்போது ஈசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. அந்தச் சாலையோரத்து இளைஞர்கள் பலருக்கு இரண்டு ஈசிஆரும் உண்டு.

போய் இறங்கியதும் முதலில் தடுமாற வைத்தது எழுத்தல்ல, எண். அரபு நாடுகளில் எழுதும் எண்களில் ஐந்து என்பது நம் சைபர் மாதிரி வட்டமாக இருக்கும். சைபரோ வெறும் புள்ளி. பஸ் எண்ணையும் கடை விலையையும் மாற்றிப் படித்து அலைந்தவர்கள் அநேகம். உலகம் முழுக்க 1, 2, 3 என்பதை அரபு எண்கள் என்கிறது. அரபிக்காரர்கள் தங்களுடைய எண்களை இந்திய எண்கள் என்கிறார்கள். சைபர் என்ற சொல்லே சிஃப்ர் என்ற அரபியிலிருந்து ஐரோப்பா வழியாக நமக்குத் திரும்பி வந்ததுதான்.

அடுத்தது சாப்பாடு. பகாலா என்றால் மளிகைக் கடை. குப்பூஸ் என்றால் ரொட்டி. லபன் என்றால் மோர். இந்த மூன்று சொல்லைக் கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிடலாம் என்றார் ஒருவர். அதற்குமேல் இரண்டு சொல்: ஃபி, மாஃபி. நம்முடைய இருக்கு, இல்லே. ஃபுலூஸ் மாஃபி, காசு இல்லை. முஷ்கில் மாஃபி, தொந்தரவு இல்லை. பிறகு ஸவ்வி. செய் என்று அர்த்தம். நம் ஆள் சும்மா இருப்பானா? போன் பண்ணு, கிளீன் பண்ணு என்று பேசிப் பழகிய வாய், டெலிஃபோன் ஸவ்வி, கிளீன் ஸவ்வி என்று ஆரம்பித்துவிட்டது. மலையாளியும் வங்காளியும் பாகிஸ்தானியும் இதையே செய்தார்கள். அரபிக்காரர்களும் இவர்களோடு பேசும்போது அப்படியே பேசத் தொடங்கினார்கள். இந்தக் கலப்பு அரபியை 1990-ல் ஸ்மார்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் முதன்முதலில் ஆராய்ந்து எழுதினார். அதன் பிறகு மொழியியலாளர்கள் இதற்கென்றே ஒரு பெயர் வைத்து ஆராய்ந்து வருகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்தால் சிரிப்பார்கள்.

நான் படித்த மொழியில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இத்தாலி, ஸ்பானிஷ், அரபி எல்லாம் கலந்த ஒரு மொழியைப் பல நூற்றாண்டுகள் பேசினார்கள். மோலியேர் 1670-ல் எழுதிய நாடகத்தில் அந்த மொழியைக் கேலிக்குப் பயன்படுத்தியிருக்கிறார். 1830-ல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் மீது இறங்கியபோது, போகிறவர்கள் உபயோகத்துக்காக மார்சேய் நகரில் அந்த மொழிக்கு ஒரு சிறு அகராதியே அச்சிட்டார்கள். படைக்காரர்கள் திரும்பும்போது கிஃப்-கிஃப் என்ற சொல்லை பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். ரெண்டும் ஒன்றுதான் என்று பொருள். வளைகுடாவில் நம் ஆட்கள் சொல்லும் ஸேம்-ஸேம் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தத் துறைமுக மொழியில் வினைச்சொல், போக, வாங்க, பார்க்க என்று பொதுவாக நிற்கும். வளைகுடாக் கலப்பு அரபியில் நம்மவர் கற்ற வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ரூஹ் – போ. தஆல் – வா. ஜீப் – கொண்டுவா. ஷீல் – தூக்கு. ஷூஃப் – பார். எல்லாம் ஏவல். தான் போனதைச் சொல்வதற்கும் "அனா ரூஹ்" தான், நான் போ. ஒரு மொழியை யார் வாயிலிருந்து, எந்தத் தோரணையில் கேட்டுக் கற்றோமோ அந்தத் தோரணை அதில் தங்கிவிடுகிறது. இவர்கள் காதில் விழுந்த அரபி பெரும்பாலும் கட்டளைதான். கூப்பிடுவது மட்டும் ரஃபீக் என்று. தோழா என்று அர்த்தம்!

எல்லாரும் இந்த அளவில் நின்றுவிடவில்லை. நல்ல அரபி பேசக் கற்றவர்கள் என்று நான் அறிந்தவரை வீட்டு வேலைக்குப் போன பெண்களைத்தான் சொல்ல வேண்டும். பகலெல்லாம் அந்த வீட்டுக் குழந்தையோடு இருந்து, குழந்தை பேச்சுக் கற்கும்போது தாங்களும் கற்றார்கள். குழந்தை ஏவல் மட்டும் பேசாதே. அழும், கேட்கும், கதை சொல்லச் சொல்லும். ஐந்து வருடம் குவைத்தில் இருந்த ஓர் அம்மா, அந்தப் பிள்ளை முதலில் சொன்ன சொற்களை வரிசையாக எனக்குச் சொன்னார். தன் சொந்தப் பிள்ளை முதலில் என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியாது. அப்போது அவர் அங்கே இருந்தார்.

மீனவர்கள் இன்னொரு பள்ளிக்கூடம். படகில் அரபி ஓட்டுநரோடு ஒரே தட்டில் சாப்பிட்டால் மொழி தானாக வரும் என்கிறார்கள். வஞ்சிரத்துக்கு கன்அத், கலவாய்க்கு ஹமூர், ஒராவுக்கு ஸாஃபி, இறாலுக்கு ரூபியான். மீனைக் கையில் தூக்கிக் காட்டிப் பெயர் கேட்டால் போதும், புத்தகம் வேண்டாம். முப்பது நாளில் அரபி என்கிற மாதிரிச் சிறு புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அதில் இருந்தது எழுத்து அரபி. அதைப் பேசினால் அரபிக்காரன், நம்மூரில் ஒருவன் வந்து செய்யுள் நடையில் காய்கறி விலை கேட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தானாம்.

கட்டுமான வேலைக்கும் கடைக்கும் போனவர்களில் பலர் இருபது வருடம் இருந்தும் அரபி கற்கவில்லை. கற்றது இந்தியும் மலையாளமும். துபாயில் அது போதும். 1965-ல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முன்வரிசையில் போன ஒருவர் ஷார்ஜாவிலிருந்து சரளமான இந்தியோடு திரும்பினார். அங்கே யாரும் படிக்கச் சொல்லவில்லை, அதனால் படித்துவிட்டேன் என்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் சுவாரசியமான பக்கம். எழுத்தும் பேச்சும் பிரிந்து கிடந்ததற்கு விலை கொடுத்த இடம் வேறு. வளைகுடாவில் வேலைக்காரனுக்குப் பொறுப்பாளி கஃபீல். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் ஜாமீன்தார் என்பதுதான். நம் ஊர்க் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத்தான் ஜாமீன்தார் வேண்டும். அங்கே கரண்டி பிடிக்க வந்தவனுக்கும் வேண்டும். தங்குவதற்கான இகாமா அவர் பெயரால்தான். சவூதியில் வெகுகாலம் வரை அவர் சம்மதித்து வெளியேறும் அனுமதி வாங்கித் தந்தால்தான் ஊர் திரும்ப முடியும். இதற்கெல்லாம் அடிப்படை ஒப்பந்தத் தாள். சவூதித் தொழிலாளர் சட்டப்படி அந்தத் தாள் அரபியில் இருக்க வேண்டும். வேறு மொழியிலும் எழுதியிருந்து இரண்டுக்கும் முரண் வந்தால் அரபியில் உள்ளதே செல்லும்.

இங்கே ஏஜெண்டு காட்டியது ஒரு தாள், அங்கே போய் இறங்கியதும் கையெழுத்துப் போட்டது இன்னொரு தாள். இது பல பேர் அனுபவம். நன்றாக அரபி பேசத் தெரிந்த மீனவருக்கு அந்தத் தாளில் ஓர் எழுத்துத் தெரியாது. கைநாட்டு வைத்தார். எழுத்துத் தெரிந்தவருக்கோ வேறு சங்கடம். ஓதும் பள்ளியில் ஜபர், ஜேர், பேஷ் என்று உயிர்க்குறிகள் இட்ட எழுத்தைத்தான் படித்திருக்கிறார். அலுவலகத் தாளில் அந்தக் குறிகள் எதுவும் இருக்காது. மெய்யெழுத்து மட்டும் நிற்கும். உயிர் எது என்பது பொருள் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அவரால் முதல் சொல்லைக்கூட முழுசாக உச்சரிக்க முடியாது. ஆனால் அது அல்லாஹ்வின் பெயரால் தொடங்குவது மட்டும் தெரியும். அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டேன் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

1990 ஆகஸ்டில் குவைத்தில் இராக் நுழைந்தபோது பேச்சு அரபி தெரிந்தவர்கள்தான் மற்றவர்களைக் காப்பாற்றினார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வழியெல்லாம் காவல் சாவடி. ஒவ்வொன்றிலும் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் வரை வந்து சேர்ந்தவர்களை ஏர் இந்தியா விமானங்கள் ஏற்றிக்கொண்டன. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்குக் குறையாமல் வந்ததாகக் கணக்கு. அன்றைக்கு எழுத்து அரபி யாருக்கும் தேவைப்படவில்லை.

எழுத்து தேவைப்பட்டது வேறு நாட்களில். அங்கே இறந்துபோனவர்களின் பெயரால் வரும் தாள்களை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். வாரிசுச் சான்று கேட்டு வரும் மனைவியின் கையில் தூதரக முத்திரையோடு ஓர் அரபித் தாள் இருக்கும், பின்னால் மொழிபெயர்ப்பு ஒன்று குத்தியிருக்கும். கூட வந்த பெரியவர் அரபித் தாளைக் கையில் வாங்கி, ஒரு கணம் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மேசையில் வைப்பார். அது ஒரு நகராட்சி குமாஸ்தா நிரப்பிய படிவம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. எழுத்து அந்த எழுத்தாயிற்றே.

இப்போது போகிற பையன்கள் கைபேசியைத் தாளுக்கு மேலே பிடிக்கிறார்கள். அரபிக்கு மேலே தமிழ் வந்து உட்காருகிறது. போன ரம்ஜானுக்குக் கோட்டைப்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்மாமில் ஓட்டுநராக இருந்தவர், வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு இதைப் பற்றித் திரும்பியதும் இரும்புப் பெட்டியிலிருந்து தன் பழைய ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த மகன், "குடுங்கத்தா, பாப்போம்" என்று கைபேசியைப் பிடித்தான். வரி வரியாகத் தமிழ் வந்தது, பாதி அரைகுறைத் தமிழ். ஏழாவதோ எட்டாவதோ ஷரத்தில், இரண்டு வருடம் முடிந்து ஊர் போய்வரும் விமானச் செலவு முதலாளியைச் சேர்ந்தது என்று இருந்தது. மகன் அதை இரண்டு தரம் வாசித்தான்.

அவர் தாளை வாங்கி, விரலை வைத்து அந்த வரியை எழுத்துக் கூட்டினார். மீம், அலிஃப், லாம்.

"நாலு தடவ என் காசுலல்ல வந்தேன்" என்றார்.

உள்ளேயிருந்து கஞ்சி வந்தது. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.